செவலையின் ஆக்ஸிலேட்டர்

திண்டிவனம்
2 ஜூலை 2025

அஸ்வினிக்கு,

இங்கே நலம். நீ நலமா என்று எழுதினால் "இதக் கேக்கறதுக்கா காயிதம்" என்பாய். அதனால் கேட்கவில்லை.

மார்ச் மாதம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விழுப்புரத்துக்கு, உன் பரிமளா அக்கா வீட்டுக்குக் கிளம்பும்போது ஒன்று சொன்னாய். "எதுனா சொல்லணும்னா எழுதி அனுப்புங்க மாமா. வாயால சொன்னா மறுநாளே மாத்திடுவீங்க." மூன்று மாதமாக எழுத உட்கார்ந்து, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் உனக்கு நான் எழுதியதெல்லாம் சாமான் சீட்டுதான். இதுவும் பாதி அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்.

இந்த அட்டைப்பெட்டியில் நம் ஸ்போர்ட்ஸ் காரின் முன்பக்க சஸ்பென்ஷன் புஷ் நான்கு இருக்கிறது. ஷெட்டுக்கு வருகிறவர்கள் அதை "அந்த செவப்பு ரெண்டு சீட்டு" என்கிறார்கள். நீ வைத்த பெயரைச் சொல்லி, செவலை என்று கூப்பிடுவது நான் மட்டும்தான். புஷ்ஷின் ரப்பர் வளையம் வெடித்துவிட்டது. அதே அளவில் நைலானில் கடைய வேண்டும். விழுப்புரம் தேவசகாயம் அண்ணன் லேத் பட்டறையில்தான் நாலும் ஒரே மாதிரி வரும். நான் போன் செய்தால் "ஆவட்டும் பாக்கலாம்" என்கிறார். நீ போய் நின்றால் அன்றைக்கே கடைந்துவிடுவார். பெட்டியைச் சின்னதுரை கண்டக்டரிடம் கொடுத்திருக்கிறேன், ஒன்பதேகால் பஸ்.

ஆகஸ்ட் 24 ஞாயிறு இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் பெண்களுக்கான கார் போட்டி. உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். கேட்காமல் கொடுத்தது தப்புதான், வேண்டாமென்றால் எடுத்துவிடுகிறேன். இந்த முறை வண்டியைச் சும்மா அனுப்ப மாட்டேன். ஸ்பிரிங், ஷாக் அப்சர்பர், ரேடியேட்டர், டயர், பிரேக் எல்லாம் மாறுகிறது. ஏலகிரி வளைவுக்கும் ஆக வேண்டும், டிராக்குக்கும் ஆக வேண்டும். வேறு எந்த வேலையிலும் கை ஓடவில்லை. ஒரு டிராக்டர் வந்து பத்து நாளாக வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது.

பெட்டி வந்ததும் இரண்டு வரி எழுது.

தென்னரசு


விழுப்புரம்
5 ஜூலை 2025

தென்னரசு அவர்களுக்கு,

"அவர்களுக்கு" என்று போட்டதைப் பார்த்து முகத்தைச் சுருக்க வேண்டாம். மாமா என்று எழுத இன்னும் கை வரவில்லை.

புஷ் கடைந்தாயிற்று, இதே பெட்டியில் வருகிறது. தேவசகாயம் அண்ணன் திட்டிக்கொண்டேதான் கடைந்தார். "ஒன் ஊட்டுக்காரனுக்கு வேற பொழப்பே இல்லியாம்மா? மல்லாட்ட ஒடைக்கிற மிஷினக் குடுத்துட்டு நாலு பேரு காத்துக்கினு கெடக்கறான்." நிலக்கடலை மிஷின்காரர்களுக்காகத் திட்டி முடித்ததும் டீ வாங்கிக் கொடுத்தார்.

நான் இங்கே சீனுவாசன் சார் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லித்தருகிறேன். அக்கா சொல்லியிருப்பாள். முள் இருபதைத் தாண்டாத வண்டி. பக்கத்து சீட்டில் என் காலுக்குத் தனியாக ஒரு பிரேக். வேகமாகப் போக ஆசைப்பட்டவளுக்குப் பிறத்தியாரைப் போகவிடாமல் தடுப்பதற்குச் சம்பளம். தட்சிணாமூர்த்தி ஐயா என்று ஒருவர் வருகிறார், ரிட்டயர்டு தாசில்தார் ஆபீஸ் கிளார்க். எதிரில் லாரி வந்தால் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் கும்பிடுகிறார். "ஐயா, சாமிய அப்பறம் பாத்துக்கலாம், மொதல்ல ஸ்டேரிங்கப் புடிங்க" என்று தினமும் கத்துகிறேன்.

உட்கார முடியவில்லை. நிற்கவும் முடியவில்லை. சாயங்காலம் மாடியில் நின்றால் பைபாஸில் லாரி கியர் மாற்றுகிற சத்தம் கேட்கிறது, என் வலது கால் தானாக அசைகிறது. சாப்பிடும்போதும் அசைகிறது. "காலாட்டாதடி, ஊட்டுக்கு ஆவாது" என்று அக்கா முட்டியைப் பிடித்து அழுத்துகிறாள். பாவம், அது அவள் வீடு.

பெயர் கொடுத்ததைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் இது. மார்ச் போட்டியில், நேர் ரோட்டில் செவலை ஏன் பின்தங்குகிறது என்று மற்ற மெக்கானிக்குகள் கேட்டார்கள். அத்தனை பேர் நடுவில் நீங்கள், "எஞ்சின்ல ஒரு கொறையும் இல்ல. அவதான் பயந்துக்கினு கால எடுத்துடறா" என்றீர்கள். நான் காலை எடுக்கவில்லை. இதுவரை ஓட்டிய மூன்று போட்டியில் ஒன்றில்கூட எடுக்கவில்லை. அன்று சொன்னதைத் தாளில் எழுதிக் கொடுக்க முடியுமா உங்களால்?

ஸ்பிரிங்கை ரொம்ப இறக்காதீர்கள். ஷெட் வாசல் வேகத்தடையிலேயே வயிறு உரசும்.

அஸ்வினி


திண்டிவனம்
14 ஜூலை 2025

அன்புள்ள அஸ்வினிக்கு,

நீ கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். கடைசியில் எழுதுகிறேன்.

புஷ் நான்கும் கச்சிதம். ஸ்பிரிங்கை இரண்டு விரல் அளவுதான் இறக்கினேன், வேகத்தடையில் உரசவில்லை. ரேடியேட்டர் பெரிது. மலையேறும்போது முன்பு சூடு முள் மேலே போகுமே, இனிமேல் போகாது. பிரேக்குக்கு ரப்பர் ஓஸை எடுத்துவிட்டு, கம்பி பின்னிய ஓஸ் போட்டிருக்கிறேன். பிரேக் ஆயிலும் வேறு, எவ்வளவு அழுத்தினாலும் கொதிக்காது.

பிரேக் பேட் மட்டும் இரண்டு செட் வாங்கியிருக்கிறேன். இதைக் கவனமாகப் படி. டிராக்குக்கானது சூடேறினால்தான் பிடிக்கும், குளிர்ந்திருந்தால் வழுக்கும். அதைப் போட்டுக்கொண்டு காலைப் பனியில் மலையிலிருந்து இறங்கினால் முதல் வளைவிலேயே வண்டி நிற்காது. மலைக்குச் சாதாரண செட்தான். ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டும், சோம்பல் கூடாது.

நேற்று மயிலம் ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். நாற்பதில்தான். எனக்கு அவ்வளவுதான் என்று உனக்குத் தெரியும். இரண்டு சீட்டு வண்டியில் ஒரு சீட்டு காலியாக இருந்தால் ஏதோ பார்ட் கழன்ற மாதிரி இருக்கிறது.

சோறு நானே ஆக்கிக்கொள்கிறேன். கேப்பைக் களி கிண்டினேன், கட்டி தட்டிவிட்டது. அதையே மூன்று நாள் சாப்பிட்டேன்.

பில் புக்கின் பின்பக்கத்தில் எழுதுகிறேன், இடம் முடிந்துவிட்டது.

தென்னரசு


விழுப்புரம்
22 ஜூலை 2025

தென்னரசு அவர்களுக்கு,

இடம் முடிந்துவிட்டதா? பில் புக்கில் அடுத்த தாள் இல்லையா?

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பிரேக், பிரேக், பேட், பிரேக் ஆயில். எஞ்சினைப் பற்றி ஒரு சொல் இல்லை. நேர் ரோட்டில் பின்தங்குகிற வண்டிக்கு யாராவது பிரேக்கை மாற்றுவார்களா?

போன வியாழக்கிழமை ஒன்று நடந்தது. எட்டுப் போடுகிற மைதானத்தில் தட்சிணாமூர்த்தி ஐயா பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை ஒரே மிதியாக மிதித்துவிட்டார். எதிரே காம்பவுண்டு சுவர். எனக்கு உயிர் போய்விட்டது. ஆனால் வண்டி உறுமியதோடு சரி, பெரிதாகப் பாயவில்லை. என் பக்கத்துப் பிரேக்கிலேயே நின்றுவிட்டது. சீனுவாசன் சார் சிரித்துக்கொண்டே வந்து தரையில் கிடந்த மிதியடியைத் தூக்கிக் காட்டினார்.

"பாரும்மா, ஆக்ஸிலேட்டருக்கு அடியில ஒரு போல்ட்டு. நம்ம ஸ்கூலு வண்டி எல்லாத்துலயும் வெச்சிருக்கேன். என்னா மிதி மிதிச்சாலும் முக்கால்தான் போவும். மிதிக்கறவனுக்குத் தெரியாது. அதான் தரைன்னு நெனச்சிக்குவான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வருகிற வழியில் பாதியில் நின்றுவிட்டேன்.

மாமா, செவலையில் அப்படி ஏதாவது இருக்கிறதா?

ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்றை எழுதுங்கள். வேறு எதுவும் வேண்டாம்.

அஸ்வினி


திண்டிவனம்
25 ஜூலை 2025

அஸ்வினி,

ஆமாம். இருக்கிறது.

வேறு எதுவும் வேண்டாம் என்றாய், ஆனாலும் எழுதுகிறேன். கோட்டக்குப்பத்தில் துபாய்க்காரர் வீட்டுக் கொட்டகையில் கோழி அடைந்து கிடந்த வண்டியை வாங்கி வந்து, நாம் இரண்டு பேரும் எட்டு மாதம் பழுது பார்த்து, முதல்முறையாக ஏலகிரிக்குப் போனோமே, அன்று இறங்கும்போது ஒன்பதாவது வளைவில் பின்பக்கம் வீசிக்கொண்டு போனது. தடுப்புச் சுவருக்கும் என் கதவுக்கும் நடுவில் ஒரு கை நுழையாது. நீ வண்டியை நேராக்கிவிட்டு, "மாமா, இன்னொரு வாட்டி போலாமா" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

மறுநாள் நீ கடைக்குப் போன நேரத்தில் அந்த போல்ட்டை வைத்தேன். தலையில் ரப்பர் தொப்பி மாட்டி, மேலே மிதியடி போட்டு. வண்டி உனக்குப் புதிது, தெரியவில்லை. ஒரு மாதம் வைத்துவிட்டு எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். பிறகு இரண்டு வருஷம் போய்விட்டது.

மார்ச்சில் அவர்கள் கேட்டபோது இரண்டு பதில்தான் இருந்தது. என் எஞ்சின் சரியில்லை, அல்லது என் மனைவி சரியில்லை. நாலு மெக்கானிக் முன்னால் என் கை வேலையை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. உன்னை விட்டுக்கொடுத்துவிட்டேன். சொல்லும்போதே வாய் கூசியது. அப்புறம் அதை நானே பாதி நம்பவும் ஆரம்பித்துவிட்டேன், அதுதான் கேவலம்.

உன்னை இழந்துவிடுவேனோ என்று பயம், அஸ்வினி. வேறு காரணம் கிடையாது. இன்றைக்கே கழற்றிவிடுகிறேன்.

தென்னரசு


விழுப்புரம்
28 ஜூலை 2025

நானே கழற்ற வேண்டும், கழற்றாதீர்கள் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அதற்குள் கழற்றியிருப்பீர்கள். உங்களுக்குக் குற்ற உணர்ச்சி வந்தால் கை சும்மா இருக்காது.

உங்களுக்கு ஒன்று தெரியாது. மே மாதம் நரம்பு டாக்டரிடம் போய் வலது காலைக் காட்டினேன். சுத்தியலால் முட்டியில் தட்டிப் பார்த்தார். "காலு நல்லாத்தாம்மா இருக்குது. மனசுல எதுனா பயம் இருக்குதா?" என்று கேட்டார். இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு இல்லாத ஒரு பயத்தை, நீங்கள் சொன்னீர்கள் என்பதற்காக, முன்பின் தெரியாத ஒரு ஆளிடம் ஒப்புக்கொண்டு வந்தேன். நான் காலை எடுக்கவில்லை என்று முதல் கடிதத்தில் எழுதினேனே, அது வெறும் வீம்பு. உள்ளுக்குள் எனக்கே நிச்சயம் இல்லை. அக்கா வீட்டுச் சுவரில் காலை வைத்து அழுத்தி அழுத்தி, எப்போது என்னை அறியாமல் தளர்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு மாதம்!

பயம் உங்களுடையது. அதை என் கால் மேல் போட்டீர்கள். பயமாக இருக்கிறது, மெதுவாகப் போ என்று ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கலாம். திட்டியிருப்பேன், ஆனால் மெதுவாகப் போயிருப்பேன். நான் உங்கள் பெண்டாட்டி, மாமா. எட்டுப் போட வந்தவள் இல்லை.

அந்த போல்ட்டை எனக்கு அனுப்புங்கள். 24ஆம் தேதி ஓட்டுகிறேன். உங்களுக்காக இல்லை. வண்டியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு வேலிக்கு அந்தப் பக்கம் நில்லுங்கள். அதுவரை எழுத வேண்டாம். நானும் எழுத மாட்டேன்.

அஸ்வினி


திண்டிவனம்
20 ஆகஸ்ட் 2025

அஸ்வினிக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இது கடிதம் இல்லை, சாமான் சீட்டு.

பெட்டியில் போல்ட் இருக்கிறது. ரப்பர் தொப்பியோடு.

வண்டி தயார். டிராக் பேட் போட்டாயிற்று. முதல் இரண்டு சுற்று மெதுவாகப் போய்ச் சூடேற்று. மலைக்கான செட் டிக்கியில், மஞ்சள் துணியில் சுற்றி இருக்கிறது. டயரில் காற்று நீயே பார்த்துக்கொள், உனக்குப் பிடித்த அளவு எனக்குத் தெரியும், ஆனாலும் நீயே பார்.

மிதி இப்போது முழுதாகப் போகிறது. நான் மிதித்துப் பார்க்கவில்லை. கையால் அழுத்திப் பார்த்தேன்.

தென்னரசு


விழுப்புரம்
26 ஆகஸ்ட் 2025

மாமா,

வேலிக்கு அந்தப் பக்கம் நின்றீர்கள். கண்ணை மூடிக்கொண்டு நின்றீர்கள் என்று அக்கா சொன்னாள். அதனால் என்ன நடந்தது என்று நான்தான் எழுத வேண்டும்.

இரண்டு சுற்று சூடேற்றினேன். மூன்றாவதில், நேர் ரோட்டில் மிதித்தேன். பழைய தரை வந்தது. அதற்குக் கீழேயும் போனது. ஹெல்மெட்டுக்குள் கத்திவிட்டேன். இரண்டு வருஷமாக என் செவலைக்கு இந்தக் குரல் இருந்ததே எனக்குத் தெரியாது. அழுகையும் வந்தது, உங்கள் மேல் ஆத்திரமும் வந்தது, எல்லாம் நாலு செகண்டில்.

ஆறாவது சுற்றில் அந்த ரோடு முடிகிற வளைவுக்கு முன்னால் பயம் வந்தது. நிஜமான பயம். காலை எடுத்தேன். யாரும் சொல்லாமல், எதுவும் தடுக்காமல், நானாக எடுத்தேன். எனக்கு எங்கே பயம் வரும் என்று முப்பத்திரண்டு வயதில் தெரிந்துகொண்டேன். இரண்டாவதாக வந்தேன். முதலாவது கோயம்புத்தூர்ப் பெண், அரை செகண்டு கூட வித்தியாசம் இல்லை. வருத்தம்தான். அடுத்த முறை அவளைப் பிடித்துவிடுவேன்.

திரும்பும்போது நீங்கள் மினி வேனில் பின்னாலேயே வந்ததைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். திண்டிவனம் பாலம் வந்தது. கீழே இறங்கினால் நம் வீடு, மேலே போனால் விழுப்புரம். நான் மேலே ஏறினேன். நீங்கள் ஹாரன் அடிப்பீர்கள், கை காட்டுவீர்கள், குறுக்கே வருவீர்கள் என்று எதிர்பார்த்தேன். இண்டிகேட்டரைப் போட்டுக்கொண்டு பேசாமல் கீழே இறங்கிவிட்டீர்கள். விக்கிரவாண்டி டோல்கேட் வரைக்கும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே போனேன்.

அதற்காகத்தான் இந்தக் கடிதம். ஞாயிற்றுக்கிழமை ஏலகிரிக்குப் போகிறேன். காலை ஆறு மணிக்குச் செஞ்சி கூட்ரோட்டில் நிற்பேன். பக்கத்து சீட்டில் பிரேக் கிடையாது. அப்படியே உட்கார முடியும் என்றால் வாருங்கள். பயமாக இருந்தால் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை.

அஸ்வினி


செஞ்சி பேருந்து நிலையம்
31 ஆகஸ்ட் 2025, காலை 11 மணி

அன்புள்ள அஸ்வினி,

வந்தேன். முதல் பஸ் பிடித்து ஐந்தரைக்கே வந்துவிட்டேன். கூட்ரோட்டில் டீக்கடைக்குப் பின்னால் நின்றேன்.

நீ வந்ததைப் பார்த்தேன். இறங்கி, அந்தப் பக்கக் கதவைத் திறந்து, சீட்டைத் துணியால் துடைத்தாய். மூடினாய். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் திறந்து துடைத்தாய். அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பத்தடி தூரம்தான். ஒன்பதாவது வளைவு கண்ணுக்குள் வந்துவிட்டது. ஆறேகாலுக்கு நீ கிளம்பிப் போனாய். வண்டிச் சத்தம் திருவண்ணாமலை ரோட்டில் தேயும் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தேன். அருமையான சத்தம். எஞ்சினில் ஒரு குறையும் இல்லை.

உடம்பு சரியில்லை, பஸ் வரவில்லை என்று எழுதியிருக்கலாம். அப்படி எழுத வேண்டாம் என்றுதான் இங்கேயே உட்கார்ந்து எழுதுகிறேன். காலை எடுத்தது நான்தான், அஸ்வினி. மார்ச்சிலும் நான்தான், இன்றைக்கும் நான்தான். எனக்குப் பயமாக இருக்கிறது.

இப்போது நீ மலைமேல் இருப்பாய். டிராக் பேடைக் கழற்றி மலை பேடைப் போட்டாயா? கேட்க வாய் வரைக்கும் வந்தது, ஓடி வந்து கேட்டிருக்க வேண்டும். ஊருக்குப் போகவும் முடியவில்லை. நாலு டீ குடித்துவிட்டேன். நீ இந்த வழியாகத்தான் திரும்ப வேண்டும், ஒரு சத்தம் கேட்டால் போதும், போய்விடுவேன்.

தென்னரசு


விழுப்புரம்
2 செப்டம்பர் 2025

என் மாமாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நான் வேட்டவலம் வழியாக வந்துவிட்டேன். நீங்கள் அதுவரைக்கும் செஞ்சியிலேயே உட்கார்ந்திருப்பீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் அக்காவை உங்களுக்குப் போன் செய்யச் சொன்னேன். "வந்துட்டா" என்ற ஒரு சொல்லைச் சொல்ல அவளுக்கு அரை மணி நேரம் ஆனது. என்ன பேசினீர்கள் என்று கேட்டதற்கு, "பேசலடி, அந்தாளு அழுதுச்சு" என்றாள். உங்கள் கடிதத்தைச் சின்னதுரை அண்ணன் இன்றைக்குத்தான் கொண்டுவந்து கொடுத்தார்.

பேட் மாற்றினேன். சனிக்கிழமையே நான்கு சக்கரமும் கழற்றி மாற்றினேன். அதைக்கூட மாற்றாதவளா நான்?

ஒன்பதாவது வளைவில் இறங்கும்போது பிரேக் அரிசி மாவு மாதிரி மென்மையாகப் பிடித்தது. பின்பக்கம் அசையவே இல்லை. நீங்கள் செய்தது எல்லாமே நல்ல வேலை, அந்த போல்ட்டைத் தவிர. அதை டேஷ்போர்டு பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். பதினான்கு வளைவிலும் இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை உருண்டு உயிரை வாங்கியது. தூக்கிப் போட இன்னும் மனம் வரவில்லை. கோபம் முழுதாகப் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று. டீக்கடைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறவர் செருப்பை மறைத்துக்கொள்ள வேண்டும். நீல வார், இடது காலில் கம்பி போட்டுக் கட்டியது. எனக்குத் தெரியாதா? இரண்டாவது முறை சீட்டை எதற்குத் துடைத்தேன் என்று நினைத்தீர்கள்? நீங்களாக வர வேண்டும் என்று காத்திருந்தேன். கூப்பிட்டிருந்தால் வந்திருப்பீர்கள், அது வேண்டாம்.

பயமாக இருக்கிறது என்று எழுதிவிட்டீர்கள். அந்த ஒரு வரிக்காக இரண்டு வருஷம் காத்திருந்தேன், அது எனக்கே இப்போதுதான் தெரிகிறது. அந்த வரியை வைத்துக்கொண்டு என்னால் எவ்வளவு மெதுவாக வேண்டுமானாலும் ஓட்ட முடியும்.

வருகிற ஞாயிறும் போகிறேன். அதே ஆறு மணி, அதே இடம். இந்த முறை சீட்டை நான் துடைக்க மாட்டேன். துணி டேஷ்போர்டில் இருக்கும், நீங்களே துடைத்துக்கொண்டு உட்காருங்கள்.

உங்கள்
அஸ்வினி